எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு எடிட்டர்



மரக்காணத்துல பஸ் ஏறி புதுச்சேரி போயிருக்கீங்களா? ஈ.சி.ஆர். ரோட்டுல கூனிமேடு, அனுமந்தை எல்லாம் தாண்டினதும் கனகசெட்டிக்குளம் வரும். அங்க தமிழ்நாடு முடிஞ்சு புதுச்சேரி ஆரம்பிக்குது. காலாப்பட்டு தாண்டினா மறுபடியும் தமிழ்நாடு. கோட்டக்குப்பம் தாண்டினா மறுபடியும் புதுச்சேரி. ஒரு மணி நேரப் பயணத்துல எல்லை மாறி மாறி வரும். நான் ஸ்கூல் படிச்ச பன்னிரண்டு வருஷமும் இதே ரோட்டுலதான் போய் வந்தேன். எல்லை எங்க இருக்குன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது மேப் இல்ல, ஒயின் ஷாப். கடை வரிசையா வந்தா புதுச்சேரி. அப்புறம் செக்போஸ்ட் வந்து, போலீஸ்காரர் யாரோ ஒருத்தரோட பைக் டேங்க் கவரைத் திறந்து பார்த்தார்னா தமிழ்நாடு.

இன்னைக்கு அந்த எல்லையில தேடுறது பாட்டிலை. நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி, இதே எல்லைக்கு இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு அரசாங்கம் தடுத்த சரக்கு ஒரு வாரப் பத்திரிகை. பேரு 'இந்தியா'. அதை நடத்தினவரை உங்களுக்கு நல்லாத் தெரியும். ஆண்டு விழாவுல முண்டாசு கட்டி, மை வச்சு மீசை வரைஞ்சு, அப்பாவோட கறுப்பு கோட்டை மாட்டிக்கிட்டு நீங்களே ஒரு தடவை அவரா நின்னிருப்பீங்க. நான் நின்னிருக்கேன். மூணாங்கிளாஸ். பாட்டைப் பாதியில மறந்துட்டேன்.

ஆமா, பாரதியார்தான். ஆனா இந்தப் பாடம் கவிஞர் பாரதியைப் பத்தி இல்ல. எடிட்டர் பாரதியைப் பத்தி. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு அப்படி ஒருத்தர் இருந்ததே ஃபைனல் இயர்லதான் தெரிஞ்சுது. அதை ஏன் தேடிப் படிக்க வேண்டி வந்ததுங்கறதைக் கடைசியில சொல்றேன். கொஞ்சம் வெட்கமான கதை.

1. முதல் வேலை: சப்-எடிட்டர்

பாரதி 1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர். 1904-ல் சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' நாளிதழில் சப்-எடிட்டராகச் சேர்ந்தார். அந்தப் பத்திரிகையை நடத்தியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-ல் 'தி இந்து' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1882-ல் 'சுதேசமித்திரன்' ஆரம்பித்தவரும் அவரே. இங்கிலீஷ் தெரிந்த நூறு பேர் மட்டும் அரசியல் பேசினால் போதாது, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் செய்தி போகணும் என்று நினைத்த மனிதர்.

அங்கே பாரதியின் தினசரி வேலை என்ன தெரியுமா? மொழிபெயர்ப்பு. இங்கிலீஷில் வரும் தந்திகளையும் மேடைப் பேச்சுகளையும் தமிழில் கொண்டுவரணும். அரசியல் பேசத் தமிழில் வார்த்தைகளே இன்னும் முழுசா உருவாகாத காலம். அந்த டெஸ்க்ல உட்கார்ந்துதான் அவருடைய உரைநடை கூர்மையாச்சு.

ஆனால் அவர் எழுத நினைத்த சூட்டுக்கு அந்தப் பத்திரிகை இடம் கொடுக்கவில்லை. 1906 மே மாதம் 'இந்தியா' வார இதழ் சென்னையில் தொடங்கியது. பின்னணியில் இருந்தவர்கள் மண்டயம் குடும்பத்தினர். எழுத்துப் பொறுப்பு முழுக்க பாரதி. சிவப்புத் தாளில் அச்சு. முதல் பக்கத்தில் கார்ட்டூன். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனைத் தொடர்ந்து போட்டு வழி காட்டியது 'இந்தியா'தான். படம் என்ன சொல்லுது என்று கீழே விளக்கம் எழுதுவதும் பாரதி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார், பக்கத்தில் ஒருத்தர் படித்துச் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள். நம்ம மீம் பேஜ் செய்கிற வேலையை அன்றைக்கு அந்தச் சிவப்புத் தாள் செய்தது. தலைப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்கள்: சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்.

2. 1908: எல்லாம் ஒரே வருஷத்துல

1908-ஐ ஒரு டைம்லைனா போட்டுப் பாருங்க.

மார்ச் 12: தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ. சிதம்பரம் பிள்ளை கைது. கூடவே சுப்பிரமணிய சிவாவும்.

ஜூன்: பத்திரிகைகள் குற்றத்தைத் தூண்டினால் அச்சகத்தையே பறிமுதல் செய்யலாம் என்று புதுச் சட்டம்.

ஜூலை: வ.உ.சி.க்குத் தீவாந்தர தண்டனை. அதே மாதம் 22-ம் தேதி பம்பாயில் திலகருக்கு ஆறு வருஷம். அவர் செய்த 'குற்றம்', தன் 'கேசரி' பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள்.

ஆகஸ்ட்: சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது. 'இந்தியா' பத்திரிகையின் பதிவு பெற்ற ஆசிரியர் எம். சீனிவாசனும் கைது.

இந்தக் கடைசிப் பேரைக் கவனிங்க. எழுதியது பாரதி, கைதானது சீனிவாசன். ஏன்? அரசாங்கப் பதிவேட்டில் இருந்த பேர் அவருடையது. ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்று சீனிவாசன் சிறைக்குப் போனார். அடுத்தது தன் முறைதான் என்று தெரிந்த பாரதி, நண்பர்கள் சொன்னபடி புதுச்சேரிக்குப் போய்விட்டார். அது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் வாரண்ட் அங்கே செல்லாது. மண்டயம் திருமலாச்சாரியார் அச்சகத்தையும் அங்கே கொண்டுபோக, 1908 அக்டோபரில் 'இந்தியா' மறுபடி வெளிவந்தது, இந்தத் தடவை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பிரான்சில் 1881-லேயே பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்திருந்தது. அதன் நிழல் காலனிகளுக்கும் உண்டு. பிரெஞ்சுக்காரரும் காலனி ஆண்டவர்தான், அங்கே சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பிரிட்டிஷ் அரசை விமர்சித்து அச்சடிக்க அங்கே ஒரு சந்து இருந்தது. பாரதி அந்தச் சந்தில் பத்து வருஷம் வாழ்ந்தார்.

3. உப்பளத்துல இருந்து ஒரு பாடம்

இங்க கொஞ்சம் நம்ம ஊருக்கு வந்துட்டுப் போவோம்.

மரக்காணத்துல மூவாயிரம் ஏக்கருக்கு மேல உப்பளம். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியிற ஊர். எங்க ஆயா உப்பளத்துல வேலை செஞ்சவங்க. சீசனுக்கு முன்னாடி பாத்தியில இறங்கி மிதிச்சு மிதிச்சு தரையைக் கெட்டியாக்கணும். அப்புறம் தண்ணி விட்டு, வெயில்ல காய்ஞ்சு, உப்பு விளைஞ்சதும் வாரணும். விடியறதுக்கு முன்னாடியே போயிடுவாங்க, வெயில் ஏறினா வெள்ளையில கண்ணு கூசும்னு. அவங்க சின்ன வயசுல அவங்க அப்பா சொன்னதா ஒண்ணு சொல்வாங்க: "வெள்ளைக்காரன் காலத்துல மடியில ஒரு கை உப்பு முடிஞ்சுகிட்டு வந்தாலும் கேஸுடா. நம்ம கையில விளைஞ்சது நம்ம கைக்கு வராது."

சின்ன வயசுல கதைன்னு நினைச்சேன். கதை இல்ல. சென்னை மாகாணத்துல உப்பு 1805-லேயே கம்பெனி அரசின் ஏகபோகம் ஆனது. அதற்கு அப்புறம் உப்பு ஒரு பாதையில்தான் நகர முடியும். விளைவிக்க அனுமதி வேணும். விளைந்ததை அரசாங்கக் காவலில் வைக்கணும். வரி கட்டாமல் வண்டி ஏற்றக்கூடாது. கணக்கில் வராத உப்பை வீட்டில் வைத்திருப்பவரும் குற்றவாளி. அதாவது தயாரிப்பு, முதலீடு, போக்குவரத்து, கடைசியில் வாங்குபவர் கை என்று நாலு இடத்தில் நாலு கதவு.

இன்னொரு விஷயம். பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு விளைந்தால் கடத்தி வந்துடுவாங்களே? அதற்கும் வழி செய்தார்கள். 1815-லும் 1818-லும் பிரெஞ்சு அரசோடு ஒப்பந்தம் போட்டு, வருஷா வருஷம் பணம் கொடுத்து, அந்தப் பக்கத்து உப்பு உற்பத்தியையே நிறுத்த வைத்தார்கள். உப்புக்கு அந்தச் சந்தை தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே அடைச்சாச்சு. செய்திக்கு அடைக்க மறந்துட்டாங்க. பாரதி நுழைந்தது அந்த ஓட்டையில்.

இப்போ ஒரு பத்திரிகையை நிறுத்தணும்னு நினைக்கிற அரசாங்கத்தோட இடத்துல இருந்து யோசிங்க. உப்புக்குப் போட்ட அதே நாலு கதவைச் செய்திக்கும் போட்டுப் பார்க்கலாம்.

4. நாலு கதவு

முதல் கதவு, பெயர். 1867-ம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகையும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரை மாஜிஸ்ட்ரேட் முன்னால் அறிவிக்கணும். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் 1870-ல் தண்டனைச் சட்டத்தில் 124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவு சேர்ந்த பிறகு, அந்தப் பதிவேடு யாரைப் பிடிப்பது என்று சொல்லும் பட்டியலாகவும் ஆகிவிட்டது. சீனிவாசன் மாட்டியது இந்தக் கதவில்.

இரண்டாவது கதவு, பணம். 1910 பிப்ரவரியில் வந்த பத்திரிகைச் சட்டம் புதுசா அச்சகம் தொடங்குபவரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்டது. ஏற்கெனவே நடக்கிற அச்சகம் என்றால் 5,000 வரை கேட்கலாம். அன்றைய ரூபாய் மதிப்பில் யோசிங்க. பிடிக்காததை அச்சடித்தால் பணம் பறிபோகும். இதன் புத்திசாலித்தனம் என்னன்னா, எழுத்தாளரை யாரும் தொட வேண்டியதே இல்லை. அச்சகக்காரரே பயந்து "வேண்டாம் சார், வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிடுவார்.

மூன்றாவது கதவு, பாதை. புதுச்சேரியில் அச்சகம் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் வாசகர்கள் எங்கே இருந்தார்கள்? சென்னை, தஞ்சாவூர், திருநெல்வேலி, எல்லாமே பிரிட்டிஷ் பகுதி. பத்திரிகை தபாலில்தான் போகணும், சந்தா மணியார்டரில்தான் வரணும். அரசாங்கம் 'இந்தியா'வைத் தன் எல்லைக்குள் வர விடாமல் தடுத்தது. பாரதிக்கு வந்த கடிதங்கள் வழியில் பிரிக்கப்பட்டன. வரவேண்டிய பணமும் ஒழுங்காக வந்து சேரவில்லை. வாசகர் போய்ச் சேராத பத்திரிகை எவ்வளவு நாள் தாங்கும்? 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. கூடவே நடந்த 'விஜயா' நாளிதழ், 'சூர்யோதயம்', 'கர்மயோகி' எல்லாம் அடுத்தடுத்து அடங்கின. யாரும் அச்சகத்துக்குப் பூட்டுப் போடவில்லை. சப்ளை செயினை மட்டும் வெட்டினார்கள்.

நான்காவது கதவு, வாசகரின் கை. எழுதியவரை மட்டும் தண்டித்தால் வாசகர் அனுதாபப்படுவார். வைத்திருப்பதே ஆபத்து என்று ஆக்கினால் வாசகர் தானே ஒதுங்கிவிடுவார். பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டு சிறு நூல்களும் 1911-ல் சென்னை அரசால் பறிமுதல் செய்யப்பட்டன. 'ஆறில் ஒரு பங்கு' ஒரு கதை. 'கனவு' அவர் தன் இளமையைப் பற்றிப் பாட்டாக எழுதிய சுயசரிதை. இவற்றில் அரசாங்கத்துக்கு என்ன பயம்? பயம் நூலின் மேல் இல்லை, பேரின் மேல்.

இந்த நாலு கதவையும் நினைவில் வச்சுக்கோங்க: பெயர், பணம், பாதை, கை. எந்த நாட்டில், எந்தக் காலத்தில் ஒரு பத்திரிகை நெருக்கப்பட்டாலும், இந்த நாலில் எது மூடப்பட்டது என்று கேட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

5. பத்திரிகை இல்லாத எடிட்டர்

1910-க்கு அப்புறம் எட்டு வருஷம் பாரதி புதுச்சேரியில் இருந்தார், பத்திரிகை இல்லாமல். 1910 ஏப்ரலில் அரவிந்தர் அங்கே வந்து சேர்ந்தார். அதே வருஷம் வ.வே.சு. ஐயரும் வந்தார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நிலைமை இறுகியது. புதுச்சேரித் தெருக்களில் பிரிட்டிஷ் உளவாளிகள் நிரம்பினார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் யாரோ ஆவணங்கள் அடைத்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு, பிரெஞ்சு போலீஸை ஏவிவிட்ட சம்பவமும் நடந்தது. இவர்களே முந்திக்கொண்டு போலீஸிடம் சொன்னதால் தப்பித்தார்கள். போலி ஆதாரத்தை லேப்டாப்பில் வைப்பது பற்றி இப்போ பேசறோம் இல்லையா? அன்றைக்கு அது கிணறு.

பிரெஞ்சு அரசும் நெருக்கடிக்கு வளைந்தது. வெளியூர்க்காரர் தங்கணும்னா உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு நல்ல நடத்தைக்குச் சாட்சி சொல்லணும் என்று விதி வந்தது. பிரிட்டிஷ்காரர்களைப் பகைத்துக்கொண்டு யார் போடுவார்? சங்கர செட்டியார் என்ற புதுச்சேரி வணிகர் ஓடியாடி அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆட்களில் அவரும் ஒருவர். அவர் கவிதை எழுதவில்லை, கோஷம் போடவில்லை. அந்த நேரத்துக்குத் தேவைப்பட்ட கையெழுத்தைச் சேர்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அது இல்லைன்னா மிச்சக் கதை இல்லை.

வீட்டில் மனைவி செல்லம்மா, இரண்டு பெண் குழந்தைகள். நிலையான வருமானம் இல்லை. அந்த வறுமையிலும் 'தி இந்து'வுக்கு இங்கிலீஷில் கடிதங்கள் எழுதினார், சென்னையிலிருந்த பத்திரிகைகளுக்குத் தமிழில் எழுதினார். இன்னைக்கு நாம பாடமாப் படிக்கிற பெரிய படைப்புகள் பலவும் அந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டுக் காலத்தவை. வீடு இப்போ மியூசியம். ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போற வழியில ஒரு தடவை எட்டிப் பாருங்க.

6. அந்தக் கடிதம்

இனிமே வர்றதை ஆண்டு விழாவுல சொல்ல மாட்டாங்க.

1918 நவம்பர் 20. முதல் உலகப் போர் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பத்து வருஷம் பொறுத்த பாரதி எல்லையைத் தாண்டிப் பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்தார். கடலூர் அருகே உடனே கைது. கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். நவம்பர் 28-ம் தேதி அவர் சென்னை கவர்னர் பென்ட்லண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னை விடுவிக்கும்படி கேட்டு, அரசியலை விட்டு விலகியிருப்பதாகச் சொல்லி, விசுவாசத்துக்கு உறுதி கொடுத்து. அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றவர்களும் அவருக்காகப் பேசினார்கள். டிசம்பர் 14-ல் விடுதலை. ஆனால் எங்கே வசிக்கலாம், எழுதுவதை யாரிடம் காட்டணும் என்று நிபந்தனைகள். மனைவியின் ஊரான கடயத்துக்குப் போய் இருந்தார். 1920-ல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. மறுபடி 'சுதேசமித்திரன்' டெஸ்க். அடுத்த வருஷம் செப்டம்பரில், முப்பத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு முன்பே, இறந்துபோனார்.

அந்தக் கடிதத்தைப் பத்தி முதல்ல படிச்சப்ப எனக்கு ஏமாற்றமா இருந்தது. மீசையை முறுக்கின போட்டோவும் அந்தக் கடிதமும் ஒட்டவே இல்ல. "இவரா?"ன்னு தோணுச்சு. 1908-ல சீனிவாசனை விட்டுட்டுப் போனதும் சேர்ந்து உறுத்துச்சு.

இப்போ அப்படித் தோணல. அதுக்குக் காரணம் இருக்கு. முதல்ல சொன்ன வெட்கமான கதைக்கு வர்றேன்.

7. நம்ம கதை

போன செமஸ்டர்ல ஹாஸ்டல் தண்ணியைப் பத்தி இந்த இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. லேப்ல இருந்து டி.டி.எஸ். மீட்டர் கொண்டுபோய், மூணு டேங்க்ல அளந்து, வந்த எண்களை அப்படியே போட்டிருந்தோம். எழுதினவர் பேர் இல்ல, "ஆசிரியர் குழு"ன்னு மட்டும் இருந்துச்சு. எழுதினது நான். உப்புத் தண்ணியை நாக்குலயே கண்டுபிடிக்கிற ஊர்க்காரன் வேற யார் எழுதுவான்?

அதை சைட்ல ஏத்தினது ஒரு செகண்ட் இயர் தம்பி. அவனோட லாகின். அடுத்த நாள் கூப்பிட்டது அவனை. "யார் எழுதினது?"ன்னு கேட்டிருக்காங்க. அவன் சொல்லல. மறுநாளும் கூப்பிட்டாங்க. அவன் அப்பவும் சொல்லல. அந்த ரெண்டு நாளும் எனக்குத் தெரியும். எனக்கு அந்த வாரம் ஒரு கம்பெனி இன்டர்வியூ இருந்துச்சு. "முடிஞ்சதும் போய்ச் சொல்லிக்கலாம்"னு ரூம்ல உட்கார்ந்து ஆப்டிடியூட் போட்டுக்கிட்டு இருந்தேன்.

மூணாவது நாள் போனேன். பெருசா ஒண்ணும் நடக்கல. கட்டுரையை எடுக்கச் சொன்னாங்க. இனிமே காட்டாமப் போட மாட்டோம்னு ஒரு கடிதம் கேட்டாங்க. எழுதிக் கொடுத்தேன். பேனா கை நடுங்காம எழுதிச்சுங்கறதுதான் எனக்கே ஆச்சரியம். இன்டர்வியூவுல செலக்ட் ஆகல, அது வேற விஷயம்.

இதை பாரதியோட ஒப்பிடறேன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. ஒரு சாம்ராஜ்யம் எங்க, தண்ணி டேங்க் எங்க! ஆனா அளவு சின்னதா இருந்தாலும் கதவுகள் அதேதான்னு அன்னிக்குப் புரிஞ்சுது. லாகின்ல இருந்த பேர் மாட்டிக்கிச்சு. இன்டர்வியூ பயம் என்னை அடக்குச்சு. சைட்ல இருந்து எடுத்ததும் பாதை மூடிச்சு. அப்புறம் ரெண்டு மாசம், லைக் போட்டவங்ககூட அதைப் பத்திப் பேசல.

ஒரு கடிதத்துக்கே நான் மூணு நாள் தாங்கினேன். அந்த மனுஷன் பத்து வருஷம் தாங்கிட்டு எழுதினார். அதனால அந்தக் கடிதத்தை வச்சு அவரை அளக்கறதை நிறுத்திட்டேன். அதை மறைக்கவும் வேண்டாம்னு நினைக்கிறேன். எதிர்த்து எழுதறவர் சிலை இல்ல. அவருக்குப் பசி உண்டு, குழந்தைங்க உண்டு, வீட்டுக்குத் திரும்பிப் போகணும்ங்கற ஆசை உண்டு. சிலையா நினைச்சா "அது நம்மால ஆகாது"ன்னு கும்பிட்டுட்டு நகர்ந்துடுவோம். மனுஷனா பார்த்தாத்தான் நம்மகிட்டயும் ஒரு கேள்வி மிஞ்சும்.

சீனிவாசன் விஷயம் மட்டும் இன்னும் உறுத்துது. பாரதிக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கு. பேர் பதிவேட்டில் இருந்ததுக்காக ஜெயிலுக்குப் போனவரைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தரல.

8. அதுக்கப்புறம்

கதவு மூடினா எல்லாம் முடிஞ்சிடுமா? பார்ப்போம்.

பாரதி இறந்து ஏழு வருஷம் கழித்து, 1928-ல், முதலில் பர்மா அரசும் தொடர்ந்து சென்னை அரசும் அவருடைய பாடல் நூல்களைத் தடை செய்தன. போலீஸ் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. சத்தியமூர்த்தி சென்னைச் சட்டசபையில் அந்தப் பிரச்சினையை எழுப்பினார். விளைவு, அதுவரை படிக்காதவரும் தேடிப் படித்தார். இரண்டு வருஷத்தில் 1930 உப்புச் சத்தியாக்கிரகம். ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் ஒரு கை உப்பைத்தான் அள்ளினார்கள். எங்க ஆயாவோட அப்பா மடியில முடிய முடியாத அதே ஒரு கை.

1949-ல் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கிப் பொதுச் சொத்தாக்க முடிவு செய்தது. அப்போது முதலமைச்சர், நம்ம திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர் ராமசாமி ரெட்டியார். பறிமுதல் செய்த அதே மாகாண அரசு, இருபத்தொரு வருஷம் கழித்து யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம் என்ற பாதையைத் திறந்தது.

அதோட கதை சுபம்னு முடிக்க முடியாது. வெள்ளைக்காரன் போனாலும் கதவுகள் போகல. 1975 ஜூனில் எமர்ஜென்சி வந்தபோது, அதிகாரி பார்த்து அனுமதித்த பிறகே செய்தி அச்சேறணும் என்று ஆனது. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்க இடத்தை வெள்ளையாகவே விட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், தமிழ்ப் பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகம் ஒரு மாத இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக 2008 மார்ச்சில் கைதானார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்ட் 31-ல் அவருக்கு 20 வருஷக் கடூழியச் சிறை விதித்தார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து, அடுத்த வருஷம் மன்னிப்புக் கிடைத்தது. திலகரை உள்ளே போட்ட 124ஏ பிரிவை நம் உச்ச நீதிமன்றம் 2022 மே 11-ல்தான் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதன் இடத்தில் 152-ம் பிரிவு இருக்கு. இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சுப் பாருங்க. எது மாறியிருக்கு, எது மாறலைன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

யோசிக்க மூணு கேள்வி

ஒண்ணு: உங்க போன்ல ஒரு செய்தி வந்து சேரும் வழியில், நாலு கதவும் யார் கையில் இருக்கு? பெயர், பணம், பாதை, கை. ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. பிளாக் டயக்ராம் போடத்தான் நாலு வருஷம் கத்துக்கிட்டோமே.

ரெண்டு: 1908-ல் நீங்க பாரதியா இருந்தா புதுச்சேரிக்குப் போயிருப்பீங்களா, சென்னையில் இருந்திருப்பீங்களா? சீனிவாசனா இருந்தா? சங்கர செட்டியாரா இருந்தா கையெழுத்து வாங்கக் கிளம்பியிருப்பீங்களா?

மூணு: நீங்க எழுதி, உங்க பேர் போடாம விட்டது ஏதாவது இருக்கா?

மூணாவதுக்கு என்னோட பதிலைச் சொல்லிட்டேன். இந்த இதழ்ல இருந்து ஒரு விதி கொண்டு வந்திருக்கோம். கட்டுரைக்கு மேல எழுதினவர் பேர் இருக்கும். பேர் போட பயமா இருக்கற விஷயம்னா, ஃபைனல் இயர் ஆள் ஒருத்தர் தன் பேரைக் கீழ போட்டுப் பொறுப்பேத்துக்கணும். ஏத்துறவன் லாகின் எங்கேயும் தெரியாது. இதை முன்மொழிஞ்சது நான். ஓட்டுப் போட்டப்ப முதல்ல கை தூக்கினது அந்த செகண்ட் இயர் தம்பி.

சனிக்கிழமை ஊருக்குப் போறேன். பஸ் கனகசெட்டிக்குளம் தாண்டி செக்போஸ்ட்ல நிக்கும். போலீஸ்காரர் ஏறி சீட்டுக்கு அடியில பார்ப்பார். என் பையில ஒரு பழைய புத்தகக்கடைப் புத்தகம் இருக்கும், 'இந்தியா' கட்டுரைகளோட தொகுப்பு. அதை அவர் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அது எவ்வளவு பெரிய விஷயம்னு இப்பத்தான் தெரியுது.